நானூற்றுப் பதினேழு கிராம்

2017 செப்டம்பர் 18, திங்கள்

மூட்டுவலி இன்று பரவாயில்லை. முட்டைக்கோஸ் வண்டி இன்னும் வரவில்லை. கீழ்வீட்டு அம்மாள் அடுத்த மாத நடுவில்தான் வரும் என்கிறாள். பனிக்காலத்துக்கு அதை உப்பில் ஊறப்போடும் ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

மதியம் ஒரு போன். மாவட்ட ஆவண அலுவலகத்தில் வேலை பார்க்கிற வென் ஷியா என்ற பெண். கண்ணாடி இழை ஆலையை இடிக்கப் போகிறார்களாம். அதற்குள் ஒவ்வொரு கட்டடத்தையும் படம் எடுத்து, அங்கே என்ன வேலை நடந்தது என்று எழுதி வைக்க வேண்டுமாம்.

"வரைபடம் இருக்கு அத்தை. ஆனா எந்த ரூம்ல என்ன செஞ்சாங்கன்னு அதுல இல்ல. பழைய ஆளுங்க நாலு பேர் நம்பர் கொடுத்தாங்க. ரெண்டு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க, ஒருத்தர் மகனோட தெற்கே போயிட்டாரு."

நாலாவது ஆள் நான். முழங்கால் சரியில்லை என்றேன். வண்டி அனுப்புகிறேன் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

ஆலை வாசல் வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். ஆலை மூடியதிலிருந்து பதினெட்டு வருடமாக அந்தப் பக்கம் போகாமல், பஸ்ஸில் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறேன்.

வாயில் வளைவில் இரும்பு எழுத்துகள் பாதி விழுந்துவிட்டன. 'பாதுகாப்பு' என்ற சொல் மட்டும் தொங்குகிறது. குளியலறைக் கூரையில் வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரம் ஒன்று என் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது. அந்தக் குளியலறையில் முதலில் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்போம், பனிக்காலத்திலும். வெந்நீர் முதலில் பட்டால் தோல் துளைகள் திறந்து கண்ணாடித் தூசி உள்ளே இறங்கிவிடும். வென் ஷியா இதை எழுதிக்கொண்டாள்.

கோலிக்குண்டுக் கிடங்கில் சாக்குகள் மக்கி, குண்டுகள் தரையெங்கும் முழங்கால் ஆழத்துக்குக் கொட்டிக் கிடக்கின்றன. பச்சை சாயல் கொண்ட கண்ணாடிக் குண்டுகள். அவற்றை உருக்கித்தான் இழை இழுப்போம். வென் ஷியா ஒரு அடி வைத்தாள், வழுக்கி உட்கார்ந்தாள். இருவரும் சிரித்தோம். ஊரில் அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளின் சட்டைப்பையிலும் இந்தக் குண்டுதான் என்று சொன்னேன். என் மகள் ஷுவாங்கிடம் ஒரு டப்பா நிறைய இருந்தது.

பெரிய கூடத்துக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்தில் கழுத்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருடத்துத் தூசி. அப்படியே இருக்கிறது.

கடைசியாக எடை அறை. இரும்புக் கதவு, மேசை, மேசையில் தராசு திருகியிருந்த நாலு துளைகள். தராசை எவனோ கொண்டுபோய்விட்டான்.

"இங்க என்ன வேலை அத்தை?"

"பிளாட்டினம் எடை போடற வேலை."

"பிளாட்டினமா! யாரு போடுவாங்க?"

"நான்தான். பதினாறு வருஷம்."

"அப்பா. இங்க ஏதாவது விசேஷமா நடந்திருக்கா? திருட்டு, விபத்து, அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்ல."

செப்டம்பர் 22

ஒண்ணும் இல்லை என்றா சொன்னேன்.

செப்டம்பர் 25, திங்கள்

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் இதுவரை ஒரு தாளிலும் இதை எழுதியதில்லை.

கூடத்தின் மேல்தளத்தில் நாற்பது சட்டிகள். சட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். பிளாட்டினத்தில் செய்தவை, ஒவ்வொன்றும் ஒரு சமையல் கிண்ணம் அளவு. மேலே குண்டைப் போட்டால் மின்சாரத்தில் உருகி, அடியில் உள்ள இருநூறு துளைகள் வழியாகக் கீழ்த்தளத்துக்கு இழையாக இறங்கும். கீழே பெண்கள் அதைச் சுற்றி எடுப்பார்கள். சட்டி தேய்ந்ததும் கழற்றி என்னிடம் வரும். போனபோது என்ன எடை, வந்தபோது என்ன எடை. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டவர் லுவான் ஷிபாவ். லுவான் மேஸ்திரி. என்னைவிட நாலு வயது மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். சட்டி ஓடும் சத்தத்தைக் கேட்டே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார்.

1995 ஜனவரி 19. மின்சாரம் போயிற்று. திரும்ப வந்தபோது அளவுக்கு மீறி வந்தது. மதியம் இரண்டு பத்துக்கு லுவான் எடை அறைக் கதவைக் காலால் தட்டினார். கையால் தட்ட முடியவில்லை. வலது உள்ளங்கை வெந்திருந்தது. கோட்டு திறந்து கிடந்தது, உள்ளே சட்டை மட்டும்தான். நான் பார்த்தேன்.

"மெய்யுன், பதினேழாம் சட்டி ஓட்டையாயிருச்சு. ஒரு பக்கம் உருகி, கண்ணாடியோட சேர்ந்து தளத்துக்குள்ள இறங்கிருச்சு. இப்பவே எழுதிக்கோ. நேரம் போட்டு எழுதிக்கோ."

கையில் தண்ணீர் ஊற்றினேன். பற்பசை தடவினேன். "ஷிப்ட் மேலாளர் வரட்டும் அண்ணே. அவர் கையெழுத்து இல்லாம எழுதக் கூடாது" என்றேன். விதி அதுதான். அவர் தலையாட்டிவிட்டு, குளிருக்காக அந்தக் கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனார்.

மேலாளர் வரவே இல்லை. மற்றச் சட்டிகளோடு மல்லுக்கு நின்றார். ஐந்து மணிக்கு நான் ஷுவாங்கைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிப்போக வேண்டும். போய்விட்டேன். பதிவேட்டில் அந்த வரி காலி.

மறுநாள் ஆறிய சட்டியை லுவானே கழற்றிக் கொண்டுவந்தார். எடை போட்டேன். நானூற்றுப் பதினேழு கிராம் குறைந்தது. ஒரு கிராம் குறைந்தாலே விசாரணை நடக்கும் இடம் அது.

பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். "சட்டி அவன் கையிலேர்ந்து உன் கைக்கு வந்துச்சு. நடுவுல வேற கை இல்ல. அவன் எடுக்கலேன்னா யார் எடுத்தா?" என்றார். பிறகு, "கசிஞ்சுதுன்னு இப்ப சொல்றான். நேத்து உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

பதிவேடு அவர் முன்னால் விரிந்து கிடந்தது. எழுதாத வரி. அதை ஏன் எழுதவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கும், நானும் கூட்டு என்பார்கள். என் கணவர் இறந்து எட்டு மாதம். ஷுவாங்குக்கு ஆறு வயது.

"இல்ல" என்றேன்.

"கையை எப்படி வெச்சிருந்தான்?"

"கோட்டுக்குள்ள."

அது பொய் இல்லை. வழக்கில் அதைத்தான், கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோனான் என்று, திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

லுவான் தளத்தை உடைத்துப் பாருங்கள் என்று கத்தினார். பதினேழுக்கு அடியில் இரண்டு வரிசைச் செங்கல்லைப் பெயர்த்தார்கள், வெறும் கண்ணாடிதான் இருந்தது. அதற்குமேல் உடைத்தால் மற்ற முப்பத்தொன்பதையும் அணைக்க வேண்டும். இயக்குநர் முடியாது என்றார். சிமென்ட் பூசி மூடிவிட்டார்கள். எட்டு வருடம் தண்டனை. ஆறில் விட்டார்கள். அவர் உள்ளே இருந்தபோதே மனைவி விலகிப் போனாள், அவர் அம்மா இறந்துபோனாள். ஆலையும் நின்றது. இப்போது ரயில் பாலத்துக்கு அடியில் சைக்கிள் பழுது பார்க்கிறார்.

நான் அந்தப் பாலத்துப் பக்கம் போவதில்லை.

அவர் எடுத்திருக்கலாம் என்றும் சில வருடம் நம்பிப் பார்த்தேன். எடுத்துவிட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, என்னிடம் வந்து கதை சொன்னார் என்று. நம்பினால் சுலபமாக இருந்தது.

செப்டம்பர் 28, வியாழன்

இரண்டாம் முறை. மேல்தளத்துக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். படிக்கட்டில் ஒருத்தர் நிற்கிறார், இடிக்கிற ஒப்பந்தக்காரர், ஹௌ என்று பெயர், ஹெனான் பக்கத்து ஆள், நாற்பத்தைந்து இருக்கும்.

"அக்கா, கைப்பிடிய நம்பாதீங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. நீங்க விழுந்தா எனக்குத்தான் வம்பு."

சட்டிகள் இருந்த இடங்களில் சதுரக் குழிகள். எண்கள் இன்னும் சிவப்பில் தெரிகின்றன. பதினேழைச் சுற்றி சிமென்ட் மட்டும் வேறு நிறம்.

வென் ஷியா படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மண்டியிட்டேன். முழங்கால் உயிர் போயிற்று. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே மின்கம்பிகள் போன வாய்க்கால் ஒன்று உண்டு, தளத்துக்குள்ளேயே ஓடும். கம்பிகளைத் திருடர்கள் உருவிக்கொண்டு போய்விட்டதால் இப்போது வெறும் பொந்து. போன் விளக்கை உள்ளே காட்டினேன். பச்சையாக ஒரு நாக்கு. கண்ணாடி வழிந்து, உறைந்து, வாய்க்காலில் சரிந்து ஆழத்துக்குப் போகிறது. அவர்கள் நேர் கீழே தோண்டினார்கள். இது பக்கவாட்டில் போயிருக்கிறது.

அன்றைக்குக் கம்பிகள் இருந்தன. யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் உடைக்கச் சொல்லியிருந்தால்? — நான் சொன்னால் யார் கேட்டிருப்பார்கள். இருந்தாலும்.

அக்டோபர் 3, செவ்வாய்

தேசிய விடுமுறைக்கு ஷுவாங் வந்தாள். அவள் வேலை பார்க்கும் தாலியனிலிருந்து உலர்ந்த இறால், எனக்கு ஒரு ஸ்வெட்டர். இறைச்சி வைத்துக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே சொன்னேன். முழுவதும் இல்லை, லுவான் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன் என்ற அளவு. மீதியை அவளாகவே பிடித்துக்கொண்டாள்.

"பாலத்துக்கடியில சைக்கிள் ஒட்டுவாரே, அவரா?"

"ஆமா."

"உன்கிட்ட கேட்டப்ப நீ என்னம்மா சொன்னே?"

நான் அடுத்த கொழுக்கட்டையின் ஓரத்தைக் கிள்ளினேன். அவள் மாவை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

"இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன? அவருக்கு அறுபத்தாறு வயசாச்சு. ஆலையே இல்ல."

"ஆறு வருஷம் உள்ள இருந்தாருடி" என்றேன்.

"தெரியுது. நீ உள்ள போகாம இருந்ததாலதான் நான் படிச்சேன். அதையும் சேர்த்து யோசி."

உண்மைதான். அவள் படித்த ஒவ்வொரு வருடமும் எனக்கு இது தெரியும்.

அக்டோபர் 9, திங்கள்

ஷுவாங் நேற்றே கிளம்பிப் போய்விட்டாள்.

ஹௌவிடம் போனில் கேட்டேன். பதினாறாம் தேதி கூடத்தை இடிக்கிறார்களாம். அதற்கு முன் மேல்தளத்தில் ஒரு இடத்தை வெட்டிக் காட்ட முடியுமா என்றேன்.

"எதுக்கு அக்கா?"

"பாக்கணும்."

"பாக்கறதுக்கா கான்கிரீட்டை வெட்டுவாங்க? உள்ள என்ன இருக்கு, உங்க மாமியார் நகையா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

வென் ஷியாவின் அலுவலகத்துக்குப் போனேன். தளத்துக்குள் பிளாட்டினம் இருக்கலாம், அதற்காக ஒருத்தர் சிறைக்குப் போனார் என்று சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள். "அன்னிக்கு ஒண்ணும் நடக்கலைன்னீங்களே" என்று கேட்டாள், கோபம் இல்லாமல். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தானே முன்னால் நின்று, படம் எடுத்து, வெட்டலாம் என்றாள்.

என் பங்கைச் சொல்லவில்லை. வாய் வரை வந்தது.

அக்டோபர் 13, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வென் ஷியா வரவில்லை. ஆற்றுப்பாலத்தில் லாரி கவிழ்ந்து வழி அடைத்துவிட்டதாம். வெட்டுகிறவனுக்கு மதியம் வேறு இடத்தில் வேலை. ஹௌ தொடங்கச் சொல்லிவிட்டார். அரை மணியில் வாய்க்காலின் மேல்மூடி பெயர்ந்தது. அடியில் கண்ணாடி, ஒரு கை நீளத்துக்கு, உடைந்த இடத்தில் பாசி நிறம். வெட்டுகிறவன் சுத்தியலால் ஓரத்தைத் தட்டினான். கண்ணாடி பிளந்தது. அதற்கும் கீழே, வாய்க்காலின் அடிமட்டத்தில், சாம்பல் வெள்ளையாக ஒரு பட்டை. நாய்க்குட்டியின் நாக்கு மாதிரி. சுற்றிலும் சின்னச் சின்ன மணிகள்.

எத்தனை வருடம் கையால் தொட்ட உலோகம். தூக்கிப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஹௌ குனிந்தார். கையுறையால் துடைத்துப் பார்த்தார். முகம் மாறிற்று. வெட்டுகிறவனைக் கீழே போய் டீ குடிக்கச் சொன்னார்.

"அக்கா, இது வெள்ளியா?"

"வெள்ளி இல்ல."

"கட்டடத்தை எனக்கு எழுதிக் கொடுத்தாச்சு. உள்ள இருக்கிற இரும்பு, செம்பு எல்லாம் என்னோடதுன்னு தாள்ல இருக்கு." படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இப்ப பார்த்தது மூணு பேர்தான்."

நான் என்ன செய்தேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே வியப்பு. பெயர்ந்த பள்ளத்தின் மேல், இரண்டு பக்கமும் கால் ஊன்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதுக் கிழவி.

"எந்திரிங்க அக்கா."

"வென் ஷியா வரட்டும்."

"கல்லு ஜில்லுனு இருக்கு. மூட்டு போயிரும்."

"போகட்டும்."

"நான் ஒண்ணும் உங்களை அடிச்சுப் போட்டுட்டு எடுத்துக்கிட்டு ஓடப் போறதில்ல. சொல்லுங்க, இது என்ன? உங்களுக்கு இதுல என்ன பங்கு?"

பங்கு என்று அவர் கேட்டது வேறு அர்த்தத்தில். எனக்கு அது நேராக வந்து விழுந்தது. சொல்ல ஆரம்பித்தேன். மின்சாரம் போனது, காலால் தட்டினது, இரண்டு பத்து, பற்பசை, காலி வரி, இல்லை என்று நான் சொன்ன அந்த ஒரு சொல், எல்லாம். வாழ்க்கையில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னது, பேர் தெரிந்து இரண்டு வாரமான ஒரு ஆளிடம்.

அவர் எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டார். சிகரெட் பற்ற வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த ஆளு இருக்காரா?"

"இருக்காரு."

"போய்ச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

எழுந்து போய்விட்டார். போய்விட்டார், ஆட்களோடு வருவார் என்று நினைத்தேன். சுடுதண்ணீர்க் குடுவையோடும் தன் பஞ்சுக் கோட்டோடும் வந்தார். கோட்டை மடித்து எனக்கு அடியில் தள்ளினார். "எங்கப்பா செங்கல் சூளையில மேஸ்திரி" என்றார்.

வென் ஷியா வர பதினொன்றரை ஆயிற்று. அவளும் இரண்டு அதிகாரிகளும் படம் எடுத்து, கண்ணாடியோடு பெயர்த்து, முத்திரை வைத்தார்கள். ஹௌ முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 14, சனி

பாலத்துக்குப் போனேன்.

கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. வலது உள்ளங்கை இன்னும் பளபளவென்று இருக்கிறது, சுருக்கம் விழாத இடம். என்னைப் பார்த்தார். சக்கரம் நிற்கும்வரை காத்திருந்தார்.

"கிடைச்சிருச்சு அண்ணே. பதினேழுக்குப் பக்கத்துல, கம்பி வாய்க்கால்ல. நேத்து வெட்டி எடுத்தாங்க."

அவர் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"உள்ளதான் இருந்துச்சுன்னு எனக்கு இருபத்திரெண்டு வருஷமாத் தெரியும். புதுசா என்ன சொல்ல வந்தே?"

தரையைப் பார்த்தேன். நட்டுகள், பழைய டியூப்.

"நீங்க எங்கிட்ட சொன்னீங்க. அன்னிக்கே. ரெண்டு பத்துக்கு. எழுதிக்கோன்னு சொன்னீங்க. நான் எழுதலை. கேட்டப்ப இல்லைன்னுட்டேன்."

"இதையும் எனக்கே சொல்றியா?" குரல் உயரவே இல்லை. "எனக்குத் தெரியாதா மெய்யுன்? சொன்னவன் நான்தானே. எங்கே இல்லைன்னியோ அங்கே போய்ச் சொல்லு."

ஒரு பையன் மாதிரி சைக்கிளை நிமிர்த்தி ஏறி ஓட்டிப் பார்த்தார், இரண்டு சுற்று. திரும்பி வந்தபோது நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். "நகரு, ஆள் வந்திருக்கு" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் அவர் ஏதாவது பதில் தேட வேண்டியிருக்கும்.

அக்டோபர் 16, திங்கள்

கூடம் விழுந்தது. நாலு தெரு தள்ளி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் போகவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

விசாரணை அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். மூன்று மணி நேரம். கேட்ட அதிகாரிக்கு ஷுவாங் வயதுதான் இருக்கும். பொய் சாட்சிக்கு என்மேல் வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, "ஆனா எழுதப்படும். தீர்ப்புல உங்க பேர் வரும். ஊர்ல எல்லாரும் படிப்பாங்க. புரியுதா?" என்றார்.

புரிகிறது.

"அப்ப ஏன் இவ்வளவு நாள் கழிச்சு?"

அதற்குப் பதில் தெரியாது என்றேன். தெரியாது என்றே எழுதிக்கொண்டார்.

நவம்பர் 30

உருகிய துண்டையும் மணிகளையும் கண்ணாடியிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் எடை போட்டிருக்கிறார்கள். நானூற்றுப் பதினொன்று. ஆறு கிராம் கண்ணாடியிலேயே கரைந்து கிடக்கும் என்று வென் ஷியா போனில் சொன்னாள்.

என் எடை சரி. அதில் மட்டும் நான் தவறவில்லை. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

டிசம்பர் 21, வியாழன்

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாள் படியில் என்னைக் கண்டதும் பையில் எதையோ தேடுகிறாள். சந்தையில், ஆலையில் கீழ்த்தளத்தில் இழை சுற்றிய பெண் ஒருத்தி, அன்றைக்கு எல்லாரும் பயந்துதான் இருந்தோம், உன்னை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, அவள் லுவானின் அம்மாவுக்குப் பக்கத்து வீடு, என் காலடியில் துப்பினாள். துப்பியவளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் வரவில்லை.

2018 பிப்ரவரி 16, வெள்ளி

சந்திரப் புத்தாண்டு. ஷுவாங் வரவில்லை. வேலை என்று செய்தி அனுப்பினாள். பத்து கொழுக்கட்டை செய்தேன். ஆறு மீந்தது.

மே 3

லுவானின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். மறுவிசாரணை நடக்கும்.

ஆகஸ்ட் 22, புதன்

லுவான் வீட்டுக்கு வந்தார்! வக்கீல் கேட்ட ஒரு தாளில் என் கையெழுத்து வேண்டும். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். எழுதும் மேசையையும் சுவரில் இருந்த ஷுவாங்கின் பட்டமளிப்புப் படத்தையும் பார்த்தார்.

"இதுவா அந்தக் குழந்தை? காப்பகத்துல இருந்தது?"

"ஆமா அண்ணே."

"என்ன வேலை?"

"மருந்துக்கடையில. மருந்தாளுநர்."

தலையாட்டினார். கையெழுத்துப் போட்ட தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார். வாசலில் செருப்பு போடும்போது, என்னைப் பார்க்காமல், "நல்லா படிக்க வெச்சிருக்கே" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் திட்டியிருக்கலாமே. ஏன் திட்டலை?

செப்டம்பர் 9

ஷுவாங் கூப்பிட்டாள். அவர் வீட்டுக்கு வந்ததையும் சொன்னதையும் சொன்னேன்.

"கோர்ட்டுக்குத் தனியா போகாதம்மா. நான் வரேன்."

2019 மார்ச் 12, செவ்வாய்

தீர்ப்பு. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, முந்தைய தண்டனை ரத்து, லுவான் ஷிபாவ் நிரபராதி. நீதிபதி வேகமாகப் படித்தார், நாலு பக்கம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. லுவான் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், "நிரபராதிங்கிற அந்த வரியை இன்னொரு தடவை படிப்பீங்களா?" என்று கேட்டார். படித்தார்கள்.

பின்வரிசையில் ஹௌ வந்திருந்தார், எங்கேயோ வேறு ஊரில் வேலையாம், விடிகாலை ரயில் பிடித்து வந்ததாகச் சொன்னார். வென் ஷியா அழுதாள். ஷுவாங் என் கையை விடவே இல்லை. வெளியே வந்தபோது நிறையப் பேர் லுவானைச் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் பின்வழியாக வந்துவிட்டோம்.

ஏப்ரல் 5, வெள்ளி

கல்லறை துடைக்கும் நாள். காலையில் என் கணவருக்குச் செய்துவிட்டு வீடு திரும்பினால், கீழே லுவான் நிற்கிறார். சைக்கிள் கூடையில் ஆப்பிள், செத்தவர்களுக்கு எரிக்கும் காகித நோட்டுக் கட்டு, ஒரு புட்டி சாராயம்.

"வேலை இருக்கா?"

"இல்ல அண்ணே."

"அப்ப வா."

சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால். வடக்கு மேட்டில் அவர் அம்மாவின் கல்லறை. பனி உருகிச் சேறு. என் முழங்காலுக்காக இரண்டு இடத்தில் நின்றார், நின்றதாகக் காட்டிக்கொள்ளாமல், சங்கிலியைப் பார்ப்பது போல.

புல்லைப் பிடுங்கினார். ஆப்பிளை வைத்தார். சாராயத்தை ஊற்றினார். பிறகு சட்டைக்குள்ளிருந்து தீர்ப்பை எடுத்து விரித்து, நிமிர்ந்து நின்று படிக்கத் தொடங்கினார். மூன்று வரி போயிற்று. மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை, தாளைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். காற்று வேறு. தாளை என்னிடம் நீட்டினார்.

"நீ படி."

படித்தேன். வழக்கு எண், தேதி, பெயர், ஊர். ஆலை, சட்டி, எடை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்த இடம் வந்தது. குரல் இறங்கிவிட்டது.

"சத்தமா படி" என்றார் லுவான். "அம்மாவுக்குக் காது கேக்காது."

மேட்டில் மற்றக் குடும்பங்களும் இருந்தன. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாட்சி தோங் மெய்யுன்," என்று படித்தேன், "மேற்படி நாளில் குற்றம் சாட்டப்பட்டவர் கசிவைப் பற்றித் தன்னிடம் உடனே தெரிவித்ததை அறிந்திருந்தும், விசாரணையில் அதை மறைத்தார்."

"இன்னொரு தடவை."

மூச்சை இழுத்துக்கொண்டு, அவர் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து படித்தேன்.